கருப்பசாமி இறக்கிய முள்

"முள்ளு இறங்கிட்டு தாயீ. எங் கண்ணால பார்த்தேன். பின்ன எப்படி இன்ஜின் வெந்துச்சு?"

கேட்டவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாக டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர்.

அவருக்குக் குருவாக வாய்த்தவள் ஜெபக்கனி. வயது முப்பத்து மூன்று. செங்கோட்டையில் சொந்தப் பட்டறை வைத்திருந்தாள். ஓட்டத் தெரிந்தவனுக்கு வண்டி வைத்தியம் தெரியாதது வெட்கக்கேடு என்று ஞாயிறுதோறும் அவளிடம் பாடம் கேட்க வருவார். பாடம் கேட்டதைவிட டீ குடித்ததுதான் அதிகம்.

இன்று வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

"முதல்ல இருந்து சொல்லுங்க அண்ணாச்சி."

"மலை ஏறும்போது மீட்டர்ல சூட்டு முள்ளு சிவப்புக்குப் போயிட்டு. பயந்துட்டேன். கருப்பசாமி கோயில்ட்ட ஓரங்கட்டி, சூடம் கொளுத்திக் கும்பிட்டேன். திரும்ப வந்து வண்டிய எடுத்தேன். ரெண்டே வளைவு. முள்ளு தானா இறங்கிட்டு."

"அப்புறம்?"

"சாமிக்கு இன்னொரு கும்பிடு போட்டுட்டு மிதிச்சேன்."

"தண்ணி பார்க்கலையா?"

"அதான் முள்ளு இறங்கிட்டே!"

ஜெபக்கனி பானெட்டைத் தூக்கினாள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ டீ போடுகிற ஸ்டவ்வைத் தூக்கி வந்து டிரைவர் கதவருகே வைத்து, சட்டியில் தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்தாள். இந்த நேரத்தில் டீயா என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

அவள் இன்ஜினிலிருந்து, சூட்டை அளக்கிற சுண்டுவிரல் அளவு சென்சாரைக் கழற்றினாள். நீள ஒயர் கொடுத்து அதை மறுபடி மீட்டரோடு இணைத்துக்கொண்டே கேட்டாள்.

"செண்பகம் எப்படி இருக்கா?"

மகள் பேச்சு வந்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இப்பம் பிரச்சினை இல்ல தாயீ. கட்டிக்குடுத்து மதுரைக்குப் போன புதுசுல தினம் போன் போட்டு அழுவா. 'என்னை வந்து கூட்டிட்டுப் போங்கப்பா'ம்பா. கொஞ்சம் பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிரும்னேன். கருப்பசாமிக்குக் கிடாவும் நேர்ந்தேன்."

"இப்பம் அழுகதில்லையா?"

"ஆறு மாசமா அழுகையே இல்ல. கேட்டா 'நல்லா இருக்கேன்ப்பா'ன்னு ஒரே வார்த்தை. போன பங்குனியில கிடாவும் வெட்டிட்டேன். ஊருக்கே சாப்பாடு."

தண்ணீர் கொதித்தது.

"உள்ள உட்கார்ந்து சாவியத் திருகுங்க. முள்ளப் பாருங்க."

சென்சாரைத் தண்ணீருக்குள் விட்டாள். முள் மெல்ல ஏறியது. நடுவைத் தாண்டிச் சிவப்பைத் தொட்டது.

சென்சாரைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

முள் இறங்கத் தொடங்கியது. நடுவுக்கு வந்தது. அதற்கும் கீழே போனது.

"தண்ணி ஆறிட்டா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் சட்டிமேல் கையை நீட்டினார். ஆவி அடித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மேல தண்ணி படுத வரைக்கும்தான் இது ஒழுங்கா சூடு சொல்லும். உங்க முள்ளு இறங்கின நேரத்துல தண்ணி பூரா ரோட்டுல போயிருக்கும்."

அவர் மீட்டரின் அடியில் கிடந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை சுட்டது கூட நினைவில்லை.

பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"செண்பகம், எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன்ப்பா."

"வேற ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்லப்பா. நல்லா இருக்கேன்."

முன்பெல்லாம் அவர்தான், சவாரி இருக்கிறது என்று சொல்லி, அவள் அழுதுகொண்டிருக்கும்போதே போனை வைப்பார். இன்று அவள் வைத்துவிட்டாள்.

கோமதிநாயகம் பின்சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வண்டிச் சாவியை ஜெபக்கனியிடம் கொடுத்தார்.

"எங்க அண்ணாச்சி கிளம்பிட்டீங்க? இன்ஜின் ஹெட் சூட்டுல வளைஞ்சிருக்கும். இறக்கிப் பார்க்கணும்."

"நீ பாரு தாயீ. நான் மதுரைக்குப் போறேன். பஸ் இருக்கும்."

"மக நல்லா இருக்கேன்னுதான சொன்னா?"

"ஆமா. அப்படித்தான் சொல்லுதா."

வாசல் வரை போனவர் நின்றார். திரும்பவில்லை.

"அழுகை நின்னதுக்குப் போயி கிடா வெட்டினேனே, தாயீ."