நெற்றியில் மாவிளக்கு

தெய்வச்சிலை அண்ணாச்சிக்கு வைத்தியம் கற்கிற ஆசை வந்ததே ஐம்பத்தெட்டு வயதில், கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். குரு உலகம்மை அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் அண்ணாச்சி அவரை வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். பணிவில் குறை சொல்ல முடியாது. அவசரம்தான் ஜாஸ்தி.

அன்று மூலிகை பறித்துக்கொண்டு குரு திரும்பியதும், அண்ணாச்சி வாசலிலேயே பெருமையாகச் சொன்னார்.

"அம்மா, இன்னைக்கு நானே தனியா ஒரு வைத்தியம் பார்த்துட்டேன். நம்ம ஆவுடைத்தாய் மகள் செண்பகத்துக்குத் தலை பூராவும் பேன். உங்க தாத்தாவோட வைத்திய நோட்டுல உள்ளபடி மண்ணெண்ணெயத் தேய்ச்சு, துணியால இறுக்கிக் கட்டி அனுப்பிட்டேன்."

"பிள்ளை இப்ப எங்க?"

"அம்மன் கோயிலுக்குப் போயிருக்கா. தலைவலி தீரணும்னு நேர்ந்துகிட்டாங்கல்லா, நெத்தியில மாவிளக்கு ஏத்தி..."

சொல்லும்போதே பிள்ளை தலையிலிருந்த மண்ணெண்ணெய் அவர் நினைவுக்கு வந்தது.

உலகம்மை மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். அண்ணாச்சியும் பின்னாலேயே ஓடினார். ஐயோ, செருப்பு எங்கே கழன்றது என்றுகூட அவருக்குத் தெரியாது.

கோயிலில் செண்பகம் மல்லாந்து படுத்திருந்தாள். நெற்றியில் ஒரு துண்டு வாழையிலை, அதன்மேல் மாவிளக்கு, நடுவில் நெய்த்திரி. ஆவுடைத்தாய் கிழித்த தீக்குச்சி காற்றில் அணைந்தது. அடுத்த குச்சியை எடுத்தாள்.

"ஏ ஆவுடை! கிழிக்காத!"

நல்லவேளை, உலகம்மைக்கு ஊருக்கே கேட்கிற தொண்டை. ஆவுடைத்தாய் பயந்துபோய்த் தீப்பெட்டியைக் கீழே போட்டாள்.

தலைத்துணியை அவிழ்த்தபோது மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. ஏதோ மூலிகைத் தைலம் என்று நினைத்திருந்த ஆவுடைத்தாய்க்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. மகளைக் கட்டிக்கொண்டு, "எங்க அம்மன் காப்பாத்திட்டா" என்று அழுதாள். அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலை குனிந்தார்.

கோயில் குழாயடியில் சீயக்காய் போட்டு மூன்று தடவை அலசினார்கள். மண்ணெண்ணெய் பட்டுக் காதுக்குப் பின்னால் தோல் வெந்து சிவந்திருந்தது. மற்றபடி பிள்ளைக்கு ஒன்றுமில்லை. விளக்கை அம்மன் முன்னால் வைத்து ஏற்றினாள் ஆவுடைத்தாய். திரி எரிந்து விளக்கு மலையேறியதும் மாவைப் பிட்டுக் கொடுக்க, "இன்னும் கொஞ்சம்" என்றாள் செண்பகம். அப்பாடா என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது.

தலை காய்ந்ததும் உலகம்மை ஒரு பேன்சீப்பை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

"உக்காந்து வாருங்க."

அண்ணாச்சி வாரினார். ஒரு பேன் அவர் வேட்டியில் விழுந்து ஓட, செண்பகம் கைகொட்டிச் சிரித்தாள்.

வாரிக்கொண்டே அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

"அம்மா, அப்ப தாத்தா நோட்டுல எழுதினது பொய்யா? பேன் செத்துரும்னு போட்டிருக்கே."

"பேன் சாகும்னு போட்டிருக்கது நெசந்தான் அண்ணாச்சி. பிள்ளை பிழைக்கும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அண்ணாச்சி பிள்ளைக்கு வலிக்காமல் மெதுவாக வாரிக்கொண்டிருந்தார்.