மிஞ்சிய முப்பத்தேழு போத்தல்கள்

மூன்றாவது போத்தலும் வெடித்ததும், இராசநாயகத்தின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு வெளியே பனிக்குள் ஓடினாள்.

அவர் களஞ்சிய அறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தார். எதிர்ச்சுவர்ப் பலகையில் கண்ணாடித் துண்டொன்று குத்தி நின்றது. கதவைச் சாத்திவிட்டுத் துஷ்யந்திக்கு அழைத்தார்.

பேர்கன் நகரில் மீன் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர் அவர். வீட்டில் பியர் வடிக்கக் கற்றுக்கொடுத்தவள் துஷ்யந்தி. வயதில் அவர் மகளைவிட இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் ரீச்சர்தான்.

"ஒருத்தரும் உள்ள போகாதேங்கோ. வாறன்."

வந்தவள் முதலில் அந்த அறையின் ஹீட்டரை வெளியிலிருந்தே நிறுத்தினாள். பிறகு சுவரோடு ஒட்டி நின்று, அறையின் முற்றத்துப் பக்கக் கதவை நீளத் தடியால் தள்ளித் திறந்தாள். குளிர் உள்ளே போனது.

"மத்தியானம் மட்டும் இருப்பம். குளிர்ந்தாக் கொஞ்சம் அடங்கும்."

குசினிக்குள் அடுப்படி மேசையில் உட்கார்ந்தார்கள்.

"ஈஸ்டுக்குச் சத்துப்பொடி எவ்வளவு போட்டனீங்கள்?"

"நீங்கள் சொன்னதில பாதி. கூடினாப் பழுதாப் போகுமெண்டு பயம்."

"இது கடும் பியர் அண்ணை. அவ்வளவு இனிப்பையும் தின்ன அதுக்குத் தெம்பு வேணும். பாதியில களைச்சுப் படுத்திட்டுது."

"குமிழி நிண்டுது. முடிஞ்சுதெண்டு போத்தலில அடைச்சுப்போட்டன்."

"முடியேல்லை. ஹீட்டர்ச் சூட்டில அது திரும்ப எழும்பி மிச்ச இனிப்பைத் தின்னுது; அந்தக் காத்துத்தான் போத்தலை வெடிக்க வைக்குது. வாயில வைச்சுப் பாக்கேல்லையோ?"

"பாத்தன். இனிச்சுது. கசப்புக்குப் போடுற ஹொப்ஸ் காணாதெண்டு நினைச்சன்."

அவள் சொல்லியிருந்த ஹொப்ஸ் கடையில் இருக்கவில்லை. வேறொன்றை வாங்கி, அதே நிறைக்குப் போட்டிருந்தார். அதில் கசப்புப் பாதிதான்.

"மாத்திப் போடேக்க நிறையைப் பாக்கிறேல்லை, கசப்பைப் பாக்க வேணும். சரி, மிச்ச இனிப்பைக் காட்டுற மிதவை தந்தனானெல்லோ? விட்டுப் பாத்தனீங்களோ?"

இராசநாயகம் மேசையைப் பார்த்தார்.

"இல்லை."

"ஏன்?"

"பிழைச்சுதெண்டு காட்டினா என்ன செய்யிறது... பாக்கப் பயமாக் கிடந்தது."

உள்ளே இன்னொன்று வெடிக்குமோ என்று அவர் காது கதவிலேயே இருந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை.

மத்தியானம் அவள் முகமூடியும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவர் கதவுக்குப் பின்னால் நின்றார். முதல் போத்தலை ஈரத் துவாயால் சுற்றி, மூடியை மயிரிழை அளவு நெம்பினாள். சீறியது. நுரை கையால் வழிந்தது. சீற்றம் அடங்கும்வரை பிடித்திருந்து, கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

அவள் எதற்கும் அஞ்சாதவள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"ரீச்சர், உங்கட கை நடுங்குது."

"ஓம்."

"உங்களுக்கும் பயமோ?"

"பயம்தான் அண்ணை. அதாலதான் ஒவ்வொண்டையும் பாத்துப் பாத்துத் திறக்கிறன்."