பதினான்காவது வளைவில் ஒரு தட்டல்

மஸ்தான் பாய்க்குக் காது போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் மலையடிவாரத்தில் இருந்த அவருடைய பட்டறைக்கு வண்டிகள் அதிகமாக வந்தன. மனிதர் பேசினால் உதட்டைப் பார்ப்பார். இன்ஜின் பேசினால் கையை வைத்துப் பார்ப்பார்.

அன்று மத்தியானம் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. இறங்கியவன் அருளப்பன். அவரிடம் தொழில் கற்று, மலைமேல் சொந்தப் பட்டறை வைத்திருப்பவன். வயது ஐம்பத்தொன்று. இன்னமும் அவர் முன்னால் உட்கார மாட்டான்.

"கம்பவுண்டர் வண்டி, பாய்."

"செத்துப்போனாரே, அவருதா? வீட்டம்மா விக்கிறாங்களா?"

"விக்கலை. ஒரே ஒரு விஷயம் தெரியணுமாம்."

போன மார்கழியில் சதாசிவம் கம்பவுண்டர் மலைப்பாதையின் பதினான்காவது வளைவில் இந்தக் காரை நிறுத்தினார். பானெட்டைத் திறந்து, குனிந்து, எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். பனிக்குள்ளிருந்து வந்த லாரிக்கு அவர் தெரியவில்லை. காரில் ஒரு கீறல்கூட இல்லை. இல்லாத சத்தத்தைத் தேடிப் போய்ச் செத்தார், கொஞ்ச நாளாகவே புத்தி பிசகியிருந்தது என்று ஊர் பேசியது. போலீஸ் கேட்டபோது அருளப்பனும் சொன்னான், வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று.

"அவரு கேட்டது நெசமா, பிரமையான்னு கேக்குறாங்க. அது தெரிஞ்சாத்தான் தூக்கம் வருமாம்."

"நீ ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்." அருளப்பன் குரலைத் தாழ்த்தினான். யாரிடம் தாழ்த்துகிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. "அந்த வளைவுல மட்டும் தட்டுது. மோதிரம் போட்ட விரலால கண்ணாடியில தட்டுற மாதிரி. மருந்து குடுக்குற ஜன்னல்ல கம்பவுண்டர் அப்படித்தான் தட்டிக் கூப்பிடுவாரு, பாய்."

"உயிரோட இருந்தப்ப சத்தத்தைப் பத்தி உன்கிட்ட சொன்னாரா?"

"ஒரு தடவை வந்தாரு. பழைய வண்டி, வயசானா முனகத்தான் செய்யும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பாய் அவன் உதட்டை வேண்டியதற்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காரில் ஏறினார்.

"ஓட்டு. சத்தம் கேக்கும்போது விரலைத் தூக்கு."

உள்ளங்கையை டேஷ்போர்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது வளைவில் பனி இறங்கியிருந்தது. பதினான்கில் ஏற்றம் நெஞ்சைத் தூக்கியது. மூன்றாவது கியர். அருளப்பன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து அவன் விரல் எழுந்தது. அதே நொடியில் பாயின் உள்ளங்கை அதிர்ந்தது.

"ஓரங்கட்டு."

பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார் பாய். அருளப்பன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டிஸ்ட்ரிப்யூட்டரை யாரு திருப்பி வெச்சது?"

"நான்தான். ஏத்தத்துல இழுக்கலை, பிக்கப் வேணும்னாரு. ஒரு நூல் தள்ளி வெச்சேன்."

"பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குள்ள நெருப்பு முந்திக்குது. சமதரையில தாங்கிக்கும். இந்த ஏத்தத்துல மூச்சு முட்டுது, தட்டுது."

"அப்ப அவரு இல்லையா?"

"எவரு?"

பாய் ஸ்பேனரை எடுத்தார். தளர்த்தி, ஒரு நூல் பின்னுக்குத் திருப்பி, முறுக்கினார்.

"பத்தாவது வளைவு வரைக்கும் எறங்கித் திரும்பி ஏறு. அதே கியர், அதே வேகம்."

இறங்கினார்கள். ஏறினார்கள். பதினான்காவது வளைவு வந்தது. கார் முக்காமல் முனகாமல் ஏறியது. அருளப்பனின் விரல் எழுந்தது.

பாயின் உள்ளங்கை அசையவில்லை.

"இன்னொரு தரம்."

மறுபடி இறங்கி, மறுபடி ஏறினார்கள். அதே இடத்தில் விரல் எழுந்தது. கை சும்மா கிடந்தது.

"தட்டுது பாய். சத்தியமா தட்டுது. உங்களுக்குத் தெரியலையா?"

"ஓரங்கட்டி இன்ஜினை அணை."

அணைத்தான். பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை, எல்லாம் வெள்ளை. பாய் டேஷ்போர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. இரும்பு மெல்லச் சூடு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும்.

அருளப்பனின் விரல் எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்து, அப்படியே நின்றது.

"எத்தனை?" என்றார் பாய்.

"மூணு."

"சத்தம்னு சொல்லிக்கிட்டு கம்பவுண்டர் உன் பட்டறைக்கு எத்தனை தடவை வந்தாரு?"

ஒரு தடவை என்று சொல்ல அருளப்பன் வாயைத் திறந்தான். பாய் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவர் வந்தது மழை நாளில். அருளப்பன் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். தகரக் கதவில் மோதிரத்தால் தட்டினார். அருளப்பா, இன்னிக்கும் அந்தச் சத்தம் வந்ததுப்பா என்றார். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவருடைய நனைந்த செருப்பு தெரிந்தது. அருளப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். செருப்பு வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

மூணு என்று அவன் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. பாய்க்குக் குரல் வேண்டியிருக்கவில்லை.

டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்து, சாவியை உருவி, அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"வண்டி சரியாயிடுச்சு. அந்தம்மாகிட்ட மொதல்ல சத்தம் நெசம்னு சொல்லு, இப்ப நீ சொன்னதையும் சொல்லு. சாவியை அப்புறம் குடு."