நல்ல புகை

எட்டு நாளாக மேல்காடு எரிந்துகொண்டிருந்தது. அடிவாரத்து மடத்தில் விபூதிப் பையைத் திறக்கும் வேலையே இல்லை. முற்றத்தில் சற்று நேரம் நின்றால் போதும், நெற்றியில் சாம்பல் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

சீடர் மருதப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. புகைக்குத் தப்பி மலையூரிலிருந்து மடத்துக்கு வந்திருந்த அவர் தங்கை அல்லிக்கு, குறித்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிறந்த மூன்றாம் நாள் காலையிலிருந்து மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே ஒட்டி ஒட்டி மீண்டது.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் சொல்லியாயிற்று. வந்தபாடில்லை.

மருதப்பன் குருவிடம் ஓடினார். குரு அவரைவிட ஐந்து வயது இளையவர்.

"சாமி, வயித்துக்குள்ள கிடந்த பிள்ளை. தீயைக் கண்ணால பார்த்துச்சா? அதுக்கு ஏன் இந்தப் பாடு?"

"அம்மாக்காரி இத்தனை நாளா எதை இழுத்தாள்?"

"புகையைத்தான்."

"பிள்ளைக்குத் தனியா வேற காத்தா இருந்தது?"

மருதப்பன் கையைப் பிசைந்தார். "இனி ஒரு பொட்டுப் புகை உள்ளே நுழையாது சாமி. ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத்துணி வச்சு அடைச்சுட்டேன். வந்து பாருங்க."

குரு வந்து கதவைத் திறந்தார். கண் எரிந்தது. கட்டிலடியில் தூபக்கால். கங்கின் மேல் சாம்பிராணி கமகமவென்று புகைந்துகொண்டிருந்தது.

அல்லி குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு இருமினாள். "நீங்களாவது சொல்லுங்க சாமி. போதும்ண்ணேன்னு சொன்னா, 'பிள்ளை பெத்தவ வாயை மூடு'ங்குது எங்க அண்ணன். வாயை மூடினா மூக்கு வழியா வருது!"

"குளிப்பாட்டின பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டாம எப்படி?" மருதப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சளி கட்டிடாது?"

குரு தூபக்காலை வெளியே கொண்டுபோய்க் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார். சுர்ரென்று அடங்கியது.

"சாமி! அது காட்டுப் புகை. இது நல்ல புகை!"

வாசலில் ஜீப் ஹார்ன் அடித்தது. குரு குழந்தையை வாங்கி மருதப்பன் கையில் வைத்தார். அந்தச் சின்ன விலா அவர் உள்ளங்கையில் படபடத்தது.

"ஏறு. எது காட்டுப் புகை, எது நல்ல புகைன்னு வழியெல்லாம் இவளுக்கு விளக்கிக்கிட்டே போ."