கவிழ்ந்த பானையும் தேங்காய் நாரும்

தென்னந்தோப்பில் வெள்ளம் புகுந்தபோது, செவலை என்ற வயல் எலிக்குக் கண் திறக்காத குட்டிகள் மூன்று இருந்தன. வளைக்குள் தண்ணீர் வரவர, அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த மண்பானையின் மேல் வைத்தது.

தென்னங்கன்றுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பானை அது. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளைக்குள் தேங்காய் நாரைத் திணித்திருந்தார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லை என்று துளையின் மேல் களிமண் பூசி, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

வெள்ளம் பானையின் வாயை மூடியது. கழுத்துக்கு மேலும் ஏறியது. செவலை குட்டிகளை அணைத்துக்கொண்டு நடுங்கியது. திடீரென்று பானை ஆடியது. பிறகு தரையை விட்டு எழும்பி மிதந்தது!

மிதந்து வந்த மட்டையிலிருந்து கொண்டையன் என்ற ஓணான் பானை மேல் தாவியது. "இடம் இருக்கா அக்கா?"

"ஏறிட்டுக் கேக்கறியே தம்பி! ஓரமா இரு. குட்டிகளை மிதிச்சிடாதே!"

காற்று சுழன்று அடித்தது. சுற்றிலும் கலங்கல் தண்ணீர். குட்டிகளின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. ஒன்று முனகுவதைக்கூட நிறுத்திவிட்டது. செவலை அதை நக்கிப் பார்த்தது. சூடு வரவில்லை.

அப்போதுதான் நார் அதன் கண்ணில் பட்டது. மழையில் களிமண் பாதி கரைந்து, நாரின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாரைக் கண்டால் எந்த எலியின் பல்லும் சும்மா இருக்காது. குட்டி போட்ட எலியைக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் செவலை தயங்கியது.

"இதை உருவினா இங்கே ஓட்டை ஆயிடுமே?"

"ஆகட்டுமே!" என்று ஓணான் தலையை ஆட்டியது. "தண்ணி கீழே இருக்கு, ஓட்டை மேலே இருக்கு. தண்ணி என்ன ஏணி போட்டா ஏறி வரும்? சீக்கிரம் உருவுங்க. எனக்கும் ரெண்டு நார் கொடுங்க, வயிறு விறைச்சுப் போச்சு!"

"பானைக்குள்ளே என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? ஒண்ணுமில்லே. வெறும் காத்து!"

செவலை பல்லால் பிடித்து இழுத்தது. நார் வந்தது. துளையிலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று சீறியது. செவலை அதைக் கவனிக்கவில்லை. நாரைக் கோதிக் குட்டிகளைச் சுற்றி வைத்தது. முனகாமல் கிடந்த குட்டி ஒரு காலை அசைத்தது.

"பாத்தீங்களா!" என்றது ஓணான்.

பானைக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது. "யாருடா அது, என் வீட்டுக் கூரையைப் பிச்சது?"

இரண்டும் திடுக்கிட்டன. பானையின் பக்கத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பச்சைத் தவளை தலையை நீட்டியது. அதன் பெயர் பச்சையன்.

"உள்ளே தண்ணி ஏறுது! என் தலை கூரையில இடிக்கப் போகுது!"

"எந்த வழியா?" என்று ஓணான் சிரித்தது. "மேலேதான் ஓட்டை!"

"அட அறிவுகெட்டவனே! தண்ணி வர்றது கீழே இருக்கிற வாய் வழியா. இவ்வளவு நேரம் அதை வரவிடாம நெட்டித் தள்ளிக்கிட்டு இருந்தது உள்ளே இருந்த காத்து. நீங்க அது போறதுக்கு மேலே வாசல் திறந்து விட்டிருக்கீங்க!"

செவலை கீழே பார்த்தது. சற்று முன்பு எட்டத்தில் இருந்த தண்ணீர் இப்போது அதன் வால் நுனியை நனைத்தது. பானை இறங்கிக்கொண்டிருந்தது.

செவலை நாரை அள்ளித் துளைக்குள் திணித்தது. களிமண் இல்லாத நாருக்குள் காற்று புகுந்து சீறியது. ஒரு குட்டி தண்ணீர் ஓரத்துக்குச் சறுக்கியது. செவலை அதைக் கவ்வி இழுத்தது. பிறகு யோசிக்கவில்லை. தன் வாலைச் சுருட்டித் துளைக்குள் அழுத்தி, அதன் மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது.

சீறல் நின்றது. உள்ளேயிருந்து காற்று முட்டுவதை அது வயிற்றில் உணர்ந்தது. பானை ஏறவில்லை. இறங்கவும் இல்லை. ஒரு கையகலம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

வெள்ளம் பானையைக் கருவேல மரத்தின் பக்கம் தள்ளியது. தாழ்ந்த கிளை ஒன்று தலைக்கு மேலே வந்தது; தண்ணீரில் தோய்ந்திருந்த அதன் கொப்பு பானையைத் தடுத்து நிறுத்தியது. ஓணான் ஒரே தாவில் கிளைக்குப் போய்விட்டது.

"தம்பி! ஒரு நிமிஷம் வந்து இந்த ஓட்டையை அடைச்சுக்கோ. குட்டிகளை மேலே ஏத்திடறேன்!"

ஓணான் தலையை ஆட்டியது. ஆனால் இறங்கி வரவில்லை.

செவலை குட்டிகளைப் பார்த்தது. எழுந்தால் பானை முங்கும். எழாவிட்டால் வெள்ளம் பானையை மறுபடி இழுத்துப்போக, கிளை கைநழுவிப் போகும்.

"நகரும்மா!" என்று பச்சையன் பானை மேல் தொப்பென்று குதித்தது. "பிச்சது நீயா இருந்தாலும் வீடு என்னுது. முங்கினாலும் எனக்கு நீச்சல் தெரியும். ம், ஓடு!"

செவலை எழுந்தது. 'உஸ்' என்றது. தவளையின் ஈர வயிறு துளையில் ஒட்டியதும் சத்தம் அடங்கியது.

முதல் குட்டி கிளைக்குப் போனது. இரண்டாவது போனது. மூன்றாவது குட்டியைக் கவ்வத் திரும்பியபோது அலை ஒன்று பானையின் மேலேறி வழிந்தது. குட்டி மிதந்தது. செவலை கழுத்துவரை நனைந்து, குட்டியின் முதுகைப் பல்லில் பிடித்துக்கொண்டு கிளைக்குத் தாவியது.

"எல்லாரும் போயாச்சா?" என்று கேட்டது பச்சையன். பிறகு எழுந்து நகர்ந்தது.

காற்று சீறி வெளியேறியது. பானை குபுகுபுவென்று குமிழி விட்டபடி அமிழ்ந்தது. கடைசிக் குமிழி உடையும்வரை செவலை பார்த்துக்கொண்டே இருந்தது. மேல் கிளையில் ஓணானின் தலை மட்டும், முதல் தடவையாக, ஆடாமல் நின்றது.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, நம்மைத் தாங்கி நிற்பதை ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது.