ரொட்டிக் கத்தி ராஜ்யம்

ரோமாபுரி உலகத்தைக் கட்டி ஆண்ட காலம் அது. பாலைவனத்து ஓரத்தில் கர்மோன் என்றொரு சின்ன மலைநாடு. அதற்கு மால்கோன் என்றொரு ராஜா. ரோமர்கள் தலையாட்டும்வரைதான் அவன் தலையில் கிரீடம் இருக்கும். அந்தப் பயத்தை மறைக்கத் தினமும் ஒரு கூத்து நடத்துவான். காலையில் ஒருவனுக்குத் தங்கச் சங்கிலி போடுவான், சாயங்காலம் அவனுக்கே இரும்புச் சங்கிலி போடுவான்.

அவனுடைய மந்திரி ஏல்தாத் ஒரு யூதர். அந்த ஊரில் யூத வேதத்தின்படி நடந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லிவிடலாம். அரண்மனை விருந்தில் எல்லோரும் அந்த வேதம் விலக்கிய இறைச்சியைக் கடிக்கும்போது அவர் சுவரோரமாக உட்கார்ந்து அத்திப்பழம் தின்பார். ஓய்வுநாள் தொடங்குமுன் விளக்கேற்றி, தானே வாழ்த்துச் சொல்லி, தானே ஆமென் சொல்லிக்கொள்வார்.

கூடப்பிறந்த தங்கை யெமிமா அதே ஊரில், கிணற்றுத் தெருவில்தான் இருந்தாள். ஆனால் அவளும் அவள் புருஷன் சாயக்கார யாக்கீமும், நாசரேத்தூர்க்காரர் ஒருவரை, யூதர்கள் காத்திருக்கும் மீட்பரான மேசியா என்று நம்பும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். ரோமர்கள் சிலுவையில் அறைந்த அவர் மறுபடி எழுந்துவிட்டார் என்றார்கள். ஏல்தாத்தால் அதை ஏற்க முடியவில்லை. நாலு வருஷமாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அரண்மனை அதிகாரி நிகாந்தருக்கு மந்திரியைக் கண்டால் வயிறு எரியும். ஒருநாள் அவன் சபையில் எழுந்தான்.

"மகாராஜா, சாயக்காரன் வீட்டில் பதினாலு பேர் கூடுகிறார்கள். பேரரசரை விட்டுவிட்டு வேறொருவரை ராஜா என்கிறார்கள். அந்த வீட்டுக்காரி யார் தெரியுமா? நம் மந்திரியின் தங்கை."

சபை திரும்பிப் பார்த்தது. ஏல்தாத்தின் பக்கத்தில் இருந்தவர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

"உண்மையா?" என்றான் மால்கோன்.

"ராஜா என்று சொல்வது உண்மை. சதி என்பது பொய்."

"மூன்று நாள் தருகிறேன். அது பொய் என்று காட்டும். இல்லாவிட்டால் அந்தப் பதினாலு பேரோடு நீரும் விலங்கு பூட்டிக்கொண்டு ரோமாபுரிக்குப் போவீர்."

ஏல்தாத் யோசித்தார். "என் பக்கம் ஒரு சாட்சி போதும், மகாராஜா. நிகாந்தரே சாட்சி. அந்த ராஜாவின் படையில் சேர வந்தவர்போல வேஷம் போட்டு அங்கே போகட்டும். கூடவே தங்கள் எழுத்தரும் போய், கண்டதைக் கண்டபடி எழுதட்டும்."

நிகாந்தர் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

ஏல்தாத் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அது நாடகமாகிவிடும். மூன்று நாளும் அறையில் தனியாக நடந்தார். அவளை மனசார நம்பினார். ஆனால் நாலு வருஷத்தில் ஓர் ஆள் எவ்வளவோ மாறலாமே என்றும் பயந்தார்.

மூன்றாம் நாள் காலை எழுத்தர் சபையில் வாசித்தார்.

"வீட்டுக்கார யாக்கீம் எங்கள் கால்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். எஜமானியும் அடிமைப் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். 'உங்கள் தளபதி யார்?' என்று அதிகாரி கேட்டார். 'இப்போது உங்கள் காலைக் கழுவியவரைத்தான் பெரியவராக வைத்திருக்கிறோம்' என்றார்கள். 'ஆயுதம் எங்கே?' என்று கேட்டார். வீட்டுக்காரி தேடிப் பார்த்து ரொட்டிக் கத்தியைக் கொண்டுவந்தாள். அதிகாரி மூன்று ரொட்டி சாப்பிட்டார்."

"மூன்றா?" என்றான் ராஜா.

"சின்ன ரொட்டி, மகாராஜா" என்றான் நிகாந்தர்.

ஏல்தாத் ஒரு சுருளை நீட்டினார். "எழுத்தர் வாசிக்கும்போதே பேரரசருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். தங்கள் முத்திரைதான் பாக்கி. 'மாட்சிமை பொருந்திய பேரரசரே, தங்களைக் கவிழ்க்க என் நாட்டில் ஒரு படை திரண்டிருக்கிறது. ஆட்கள் பதினாலு. ஆயுதம் ஒரு ரொட்டிக் கத்தி. என் அதிகாரியின் காலைக் கழுவி ரொட்டியும் கொடுத்துவிட்டார்கள். எங்களால் சமாளிக்க முடியவில்லை. உடனே சேனையை அனுப்பவும்.'"

சபையில் யாரோ இருமலை அடக்கினார்கள். ராஜா முத்திரை மோதிரத்தைச் சட்டென்று கைக்குள் மூடிக்கொண்டான். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"இதை அனுப்பினால் பைத்தியக்காரன் என்று என் கிரீடத்தையே பிடுங்கிவிடுவார்கள். அந்த ஜனங்களை விட்டுவிடுங்கள். நிகாந்தரே, மூன்று ரொட்டிக்கு நன்றிக்கடன் வேண்டாமா? இந்த மாதம் முழுக்க வாசலில் நின்று, வருகிறவர்களின் காலைக் கழுவும்."

பிறகு மந்திரியிடம் திரும்பினான். "உமக்கு என்ன வேண்டும்? ஒன்பது கிராமம் தரட்டுமா?"

"ஒன்பது பேர் போதும், மகாராஜா."

"எந்த ஒன்பது பேர்?"

"யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் எங்கள் சபை ஜெபத்தை முழுதாகச் சொல்ல முடியும். பதினோரு வருஷமாக நான் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கலிலேயாவிலிருந்து ஒன்பது குடும்பம் இங்கே குடியேற உத்தரவு கொடுங்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உத்தரவு கொடுத்தான்.

இரண்டு வருஷத்தில் எட்டுக் குடும்பம் வந்தது, குடும்பத்துக்கு ஓர் ஆண். ஒன்பதாவது குடும்பத்துக்காரர் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். ஓய்வுநாள் காலையில் ஏல்தாத்தையும் சேர்த்து ஒன்பது பேர் அவர் வீட்டில் கூடி, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது யாக்கீம் வந்தான். விரல்களில் நீலச் சாயம் போகாமல் இருந்தது. உள்ளே வராமல் நின்று, "மச்சான், நானும் யூதன்தான். யெமிமா போகச் சொன்னாள்" என்றான்.

ஏல்தாத் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஜெபம் முடிந்ததும், "அவள் நன்றாக இருக்கிறாளா?" என்று கேட்டார்.

"இருக்கிறாள். இன்று எங்களோடு சாப்பிட வருகிறீர்களா?"

"அங்கே என்னால் சாப்பிட முடியாது, யாக்கீம்."

"தெரியும். அடுத்த வாரமும் வருகிறேன்."

அவன் கிணற்றுத் தெருப் பக்கம் திரும்பினான். அவன் முதுகு மறையும்வரை ஏல்தாத் வாசலிலேயே நின்றார்.