ரிப்பன் கட்டாத பிஸ்கட்

தூத்துக்குடியில் ஒரு காம்பவுண்டு. நாலு வீடு, ஒரே குழாய். இந்தக் கதை மூன்றாவது வீட்டு மெட்டில்டாவுக்கு வந்த வயிற்றெரிச்சலைப் பற்றியது. முழுசாகக் கேளுங்கள். தீர்ப்பு உங்கள் கையில்தான் வந்து நிற்கப்போகிறது.

நாலாவது வீட்டுக் குணவதியின் புருஷன் மாடிப்படியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியும் படுக்கையுமாக நாற்பது நாள் போனது. அக்கம்பக்கம் அவளைக் கைவிடவில்லை. முதல் வீட்டு ஷம்ஷாத் தினமும் காலைப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். இரண்டாவது வீட்டு ராஜகனி டீச்சர், குணவதியின் பெண்பிள்ளைகள் இரண்டையும் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டாள். மெட்டில்டா செய்ததை ஒரு வரியில் அடக்க முடியாது. தண்ணீர் பிடித்தாள், துணி துவைத்தாள், அந்த வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். கட்டிலோடு கிடந்தவனுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

அவன் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய வாரம், மூன்று வீட்டுக்கும் பழ பிஸ்கட் சுட்டுக் கொடுப்பது என்று குணவதி முடிவு செய்தாள். கடையில் வாங்கிக் கொடுக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பப்பாளிக்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் வேகவைத்து, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றினாள். பேரீச்சை, உலர்திராட்சை, முந்திரி எல்லாம் சேர்த்தாள். வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடேற்றி, ஒவ்வொரு தட்டாக உள்ளே இறக்கிச் சுட்டாள்.

வெண்ணெய் வாசம் சுவர் தாண்டி வந்தது. அன்று மத்தியானம் மெட்டில்டா வயிற்றில் இடம் விட்டே சாப்பிட்டாள்.

சாயங்காலம் முதல் இரண்டு வீட்டுக்கும் பெட்டி போனது. வெள்ளை அட்டைப்பெட்டி, ரோஸ் ரிப்பன், மேலே ஒரு சீட்டு. டீச்சர் அதைக் குழாயடிக்கே தூக்கிவந்து வாசித்துக் காட்டினாள்: "திருமதி ராஜகனி அவர்களுக்கு, என்றும் நன்றியுடன், குணவதி."

"எனக்கும் 'அவர்களுக்கு'ன்னுதான் போட்டிருக்கா," என்றாள் ஷம்ஷாத். "கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் எம் பேர இவ்வளவு மரியாதையா யாரும் எழுதினதில்ல. பதினாறு பிஸ்கட்டு, ஒண்ணுகூட மூளி இல்ல. ஒனக்கு எத்தன வச்சிருக்கா மெட்டில்டா?"

"எனக்கு இன்னும் வரல."

"ஒனக்கு வராமலா?" டீச்சர் சிரித்தாள். "நீ செஞ்சதுக்குப் பெட்டி பத்தாதுன்னு பீரோவுல வச்சு அனுப்புவாளா இருக்கும்!"

மெட்டில்டாவும் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுபோனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் குணவதி வந்தாள். கையில் நசுங்கிய தூக்குவாளி. மூடிகூட இல்லை. உள்ளே உடைந்த துண்டுகளும் அடி கருகியவையும் கிடந்தன.

"யக்கா, மொதத் தட்டு தீஞ்சுபோச்சு. எடுக்கையில பாதி ஒடஞ்சும் போச்சு. நம்ம வீட்டுக்கு இது போதும்னு ஒதுக்கிட்டேன். பிள்ளைகளுக்குப் பாதி, ஒங்களுக்குப் பாதி. ருசி எப்பிடின்னு அப்புறமாச் சொல்லுங்க, அடுப்புல பால் இருக்கு." ஓடிவிட்டாள்.

மெட்டில்டாவின் காதில் ஒடஞ்சது, தீஞ்சது, போதும் என்ற மூன்று சொல்தான் விழுந்தது. 'நம்ம' என்ற சொல் வாசலிலேயே நின்றுவிட்டது. அவள் புருஷன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தானட்டி இருக்கு" என்றான்.

"ஒமக்கு எதுதான் நல்லா இல்ல?" என்று வாளியைப் பிடுங்கினாள். நெஞ்சு காந்தியது. நாலு இட்லி கொடுத்தனுப்பினவளுக்கு ரிப்பன். போகிற வழியில் பிள்ளைகளை இறக்கிவிட்டவளுக்கு ரிப்பன். எனக்குத் தீய்ந்தது.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தக் காம்பவுண்டில் கிடையாது. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். மெட்டில்டா துண்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டு வாளியைப் பளபளவென்று தேய்த்தாள். மகள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'திருமதி குணவதி அவர்களுக்கு, நன்றி' என்று எழுதி உள்ளே போட்டாள். அப்போதே கொண்டுபோய் குணவதியின் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் குணவதி வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு கையில் புதுப்பெட்டி, ரோஸ் ரிப்பன், 'திருமதி மெட்டில்டா அவர்களுக்கு' என்ற சீட்டு. மறுகையில் அதே வாளி, அதில் பிள்ளைகளின் பங்காக இருந்த மீதித் துண்டுகள்.

"வேத்தாளுக்குத்தான் நன்றி சொல்லுவாவ. ஒங்களுக்கு நான் எப்பிடிக்கா சொல்ல? நாங்க திங்கதத்தான் ஒங்களுக்கும் கொண்டாந்தேன். நல்ல பிஸ்கட்டுல ஒண்ணுகூட எம் பிள்ளைகளுக்குக் குடுக்கல, தெரியுமா? இந்தப் பெட்டி ஒங்க சீட்டப் பாத்த பெறவு சுட்டது. எங்களுக்கு நீங்க யாருன்னு நீங்களே முடிவு பண்ணி எடுத்துக்கோங்க. ரெண்டையும் தரமாட்டேன்."

வாளியில் இருப்பது என்னவென்று மெட்டில்டாவுக்கு இப்போது விளங்கியது. விளங்கிய பிறகும் கண் ரிப்பனை விட்டு நகர மறுத்தது.

சொல்லுங்கள், மெட்டில்டா எதை வாங்குவது சரி?

விடை: வாளியைத்தான் என்று பலரும் சொல்வீர்கள். உடைந்ததில் பங்கு தருகிறவள் நம்மைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள், அதைவிட மரியாதை ஏது என்பீர்கள். நான் பெட்டி கட்சி. மெட்டில்டா பிறந்த வீட்டில் நம்ம பிள்ளை, வாழ வந்த வீட்டில் நம்ம வீட்டுப் பொம்பளை. கருகின தோசையும் நொறுங்கின அப்பளமும் அந்த 'நம்ம'வோடு சேர்ந்தேதான் இத்தனை வருஷமும் அவள் தட்டுக்கு வந்திருக்கின்றன. நம்மவளாக அவள் இருந்தது போதும். ஒரே ஒரு நாள் வேற்றாளாக நின்று, 'அவர்களுக்கு' என்று எழுதிய தன் பெயரை வாசித்துக்கொள்ளட்டும். குணவதிக்கு வருத்தமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.